மூடியின் சத்தம்: டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் சிங்கி இறால் கட்டுரை

போன வருஷம் அம்மா சிதம்பரத்தில் இருந்து வந்திருந்தபோது நாலு சேற்று நண்டு உயிரோடு வாங்கிக்கொண்டு வந்தேன். கொடுக்குகளைச் சணலால் கட்டியிருந்தார்கள். "சுத்தம் பண்ணித் தரவா சார்?" என்று கடைக்காரர் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம்தான் வாலஸின் 'கன்சிடர் த லாப்ஸ்டர்' கட்டுரையை மூன்றாவது முறையாக வாசித்திருந்தேன். நண்டைக் குளிரில் வைத்தால் மரத்துப்போகும், அப்புறம் கொன்றால் அதற்குத் தெரியாது என்று வேறெங்கோ படித்த ஞாபகம். நாலையும் ஃப்ரீசரில் வைத்து மூடி, மொபைலில் இருபது நிமிஷம் டைமர் போட்டேன்.

"அப்பா, அதுக்குக் குளிராதா?" என்றாள் மகள். ஆறு வயது.

அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். "என்னடா பண்ற? கொல்றதுன்னா சட்டுனு கொல்லணும். பொட்டியில போட்டு அடைச்சுட்டு நீ ஹால்ல போய் உக்காந்துக்குவியா?"

அம்மாவுக்கு வாலஸ் என்றால் யாரென்று தெரியாது. ஆனால் அந்தக் கட்டுரையின் நடுநாயகமான காட்சியை ஒரே வரியில் சொல்லிவிட்டார். சிங்கி இறாலைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டு, கையில் ஒரு சின்ன டைமரை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடும் சமையல்காரர்களைப் பற்றி வாலஸ் எழுதியிருக்கிறார். உள்ளே பாத்திரத்தின் மூடி கடகடவென்று ஆடும். அதைக் கேட்க வேண்டாமென்றுதான் அந்த இடமாற்றம்.

கட்டுரையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ராக்லாண்ட் என்ற கடலோர ஊரில் வருஷா வருஷம் சிங்கி இறால் திருவிழா நடக்கும். 'கோர்மே' என்ற சமையல் பத்திரிகை 2003-ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு வாலஸை அனுப்பிவைத்தது. அனுப்பியவர்கள் எதிர்பார்த்தது ஒரு கலகலப்பான பயணக் கட்டுரை: உலகத்திலேயே பெரிய சிங்கி இறால் கொதிகலன், பிளாஸ்டிக் தட்டு, உருக்கிய வெண்ணெய், கூட்டம், ஊர்வலம். 2004 ஆகஸ்ட் இதழில் அவர்களுக்குக் கிடைத்தது வேறு. திருவிழாவைப் பாதி வழி வரை ஒழுங்காகச் சுற்றிக் காட்டிவிட்டு, நம்முடைய நாக்கு ருசிக்காக உணர்வுள்ள ஒரு உயிரை உயிரோடு கொதிக்க வைப்பது சரியா என்று வாலஸ் கேட்டுவிடுகிறார்.  கட்டுரை 2005-இல் அதே தலைப்பிலான தொகுப்பில் வந்தது. 2008-இல் வாலஸ் தற்கொலை செய்துகொண்டார். 2009-இல் 'கோர்மே' பத்திரிகையும் நின்றுவிட்டது. கட்டுரை மட்டும் இன்னும் படிக்கப்படுகிறது.

ஒரு விளக்கம். நம் கடற்கரையில் சிங்கி இறால் என்று நாம் சொல்வதற்குப் பெரிய கொடுக்கு கிடையாது, நீளமான மீசைதான். மெய்னில் கிடைப்பது வேறு இனம், இரண்டு பெரிய கொடுக்குகள் உள்ளது. கொடுக்கில் ரப்பர் பாண்டு மாட்டி உயிரோடு விற்பார்கள். இரண்டுக்கும் தமிழில் வேறு வார்த்தை இல்லாததால் சிங்கி இறால் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்தக் கட்டுரையைப் பாராட்டுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, வாலஸ் எந்த முடிவுக்கும் வராமல் நேர்மையாகத் தவிக்கிறார் என்பது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் தவிக்கும் முறை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அது பழக்கமான முறை. 'இது வேலை செய்யுது' என்று யாராவது சொன்னால், எந்த நிலைமையில், எதை வைத்துச் சொல்கிறாய் என்று ஒவ்வொரு அடுக்காக இறங்கிப் பார்ப்போமே, அதேதான். சிங்கி இறாலுக்கு வலி தெரியாது, வலியை உணர்கிற மூளைப் பகுதியே அதற்குக் கிடையாது என்று திருவிழாக்காரர்கள் சொல்கிறார்கள். வாலஸ் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் போடுகிறார். மூளையில் எந்தப் பகுதி? அந்தப் பகுதி வலியை உணரும் இடமா, வலியைப் பற்றி யோசிக்கும் இடமா? இந்த உயிருக்கு வலி உணரும் நரம்பு முனைகள் உண்டா? உடலுக்குள்ளேயே வலியைத் தணிக்கும் ரசாயனம் அதனிடம் இல்லையென்றால், வலி குறைவு என்று அர்த்தமா, இல்லை தணிக்கவே வழியில்லாத முழு வலி என்று அர்த்தமா? கடைசிக் கேள்வியில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். ஒரே தகவல் இரண்டு எதிர்த் திசைகளில் இழுக்கிறது. வாலஸ் இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறார், தனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை.

அதற்கப்புறம் அவர் பிடித்துக்கொள்வது ஒரு எளிமையான அளவுகோலை: விருப்பம். வலி என்பது உள்ளே நடப்பது, நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு உயிர் இதைவிட அதை விரும்புகிறது என்பதை வெளியில் இருந்தே பார்க்கலாம். சிங்கி இறால் தண்ணீரின் வெப்பநிலையில் ஓரிரண்டு டிகிரி மாறினாலும் கண்டுபிடித்துவிடும். வெளிச்சத்தில் இருந்து ஒதுங்கும். கொதிக்கும் பாத்திரத்தில் போடும்போது விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். அது உள்ளே போக விரும்பவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள நரம்பியல் பட்டம் வேண்டியதில்லை.

2004-இல் இது ஒரு எழுத்தாளரின் உள்ளுணர்வு மட்டும்தான். பிறகு வந்த ஆய்வுகள் அதே திசையில் போயிருக்கின்றன. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்வுட், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்குச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வந்தது. பிடிக்காத வகைச் சங்கில் இருந்த நண்டுகள் சீக்கிரம் வெளியே ஓடின. பிடித்த சங்கில் இருந்தவை அதிர்ச்சியைக் கூடுதலாகத் தாங்கிக்கொண்டன. வெறும் அனிச்சைச் செயல் என்றால் சங்கு நல்லதா கெட்டதா என்ற கணக்கு ஏன் குறுக்கே வரவேண்டும்? அந்த நண்டு எதையோ எடைபோடுகிறது. சுவிட்சர்லாந்தில் 2018 மார்ச் முதல் சிங்கி இறாலை உணர்விழக்கச் செய்யாமல் கொதிநீரில் போடக் கூடாது என்று விதி வந்தது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஜோனதன் பிர்ச் தலைமையில் ஒரு குழு 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி 2021-இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, பிரிட்டனின் 2022 சட்டம் நண்டு, இறால் வகைகளையும் உணர்வுள்ள உயிர்கள் என்று ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதே தவிர, கொதிக்க வைப்பதைத் தடை செய்யவில்லை. சுவிட்சர்லாந்தின் விதியில் இன்னொரு சங்கதியும் உண்டு: உயிரோடு இருப்பதைப் பனிக்கட்டியில் வைத்தோ பனிநீரில் போட்டோ கொண்டுபோகக் கூடாது. இதைப் படித்தபோது என் ஃப்ரீசர் ஞாபகம் வந்தது.

வாலஸின் தலைப்பைப் பார்த்ததும் உணவு இலக்கியம் படிப்பவர்களுக்கு இன்னொரு புத்தகம் நினைவுக்கு வரும். எம்.எஃப்.கே. ஃபிஷர் 1941-இல் எழுதிய 'கன்சிடர் தி ஆய்ஸ்டர்'. ஆய்ஸ்டர் என்றால் சிப்பி. சின்னப் புத்தகம்தான். சிப்பியின் வாழ்க்கை, அதன் ஆணாகிப் பெண்ணாகும் உடம்பு, சூப், வறுவல், அடைத்த ரொட்டி, எந்த மாதத்தில் சாப்பிடலாம் என்ற நம்பிக்கைகள் என்று ஒரே சிரிப்பும் குறும்புமாகப் போகும். சிப்பியைப் பச்சையாகத் தின்னும்போது அது உயிரோடுதான் இருக்கிறது. அடுப்பு, மூடி, டைமர் எதுவும் கிடையாது. எலுமிச்சை பிழிந்து அப்படியே உள்ளே. ஃபிஷர் அதை மறைப்பதில்லை, அதற்காக வருந்துவதும் இல்லை.

அந்தப் புத்தகம் எழுதப்பட்ட வீட்டைப் பற்றித் தெரிந்த பிறகு என்னால் அதைப் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. ஃபிஷரின் கணவர் டில்வின் பாரிஷ் ரத்தக் குழாய் நோயால் ஒரு காலை இழந்து, ஓயாத வலியில் இருந்தார். அந்த வலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஃபிஷர் இவ்வளவு சந்தோஷமான புத்தகத்தை எழுதினார். புத்தகம் வந்த அதே ஆண்டு ஆகஸ்டில் பாரிஷ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஒரு மனிதரின் வலியைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுதிய புத்தகத்தில் சிப்பியின் வலி ஒரு கேள்வியாகவே வரவில்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? கல்நெஞ்சம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலி அவருக்கு விவாதத் தலைப்பாக இல்லை, பக்கத்து அறையில் இருந்தது. சாப்பாடு அதில் இருந்து கொஞ்ச நேரம் விடுதலை. பக்கத்து அறைக்குப் போவது எப்போதுமே கோழைத்தனம் ஆகிவிடாது என்று வாலஸுக்குப் பதில் சொல்ல ஃபிஷரால் முடியும்.

சிப்பியையும் சிங்கி இறாலையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது தனிக் கேள்வி. சிப்பிக்கு மூளை கிடையாது, சில நரம்பு முடிச்சுகள்தான். பீட்டர் சிங்கர் 1975-இல் வந்த 'அனிமல் லிபரேஷன்' நூலில் இறாலுக்கும் சிப்பிக்கும் நடுவில் எங்கோ கோடு போட்டார். 1990 பதிப்பில் அந்தக் கோட்டில் தனக்கே நிச்சயமில்லை என்று பின்வாங்கினார். தத்துவப் பேராசிரியரே கோட்டை அழித்து அழித்துப் போடுகிறார் என்றால், மீன் மார்க்கெட்டில் நிற்கிற நாம் என்ன செய்ய.

ஆனாலும் மனிதர்கள் இந்தக் கேள்வியைத் தெரியாமல் சாப்பிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டுச் சீன நாடகாசிரியர் லி யூ நண்டுப் பைத்தியம். சீனாவின் நன்னீர் நண்டு இலையுதிர் காலத்தில்தான் கொழுக்கும். உயிரோடு கட்டி ஆவியில் வேகவைத்து, இஞ்சியும் வினிகரும் தொட்டுத் தின்பார்கள். லி யூ அந்தப் பருவத்துக்காக முன்கூட்டியே காசு சேர்த்துவைப்பார். வீட்டில் இருப்பவர்கள், நண்டுதான் உங்களுக்கு உயிர் என்று கிண்டல் செய்ய, அவர் அந்தக் காசுக்குத் தன் உயிரை மீட்கும் பணம் என்று பெயர் வைத்தார். தானே எழுதியிருக்கிறார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் நாலு நண்டின் உயிர் போகிற காசுக்குத் தன் உயிரை மீட்கும் காசு என்று பெயர் வைக்கும்போது, எது யாருடைய உயிர் என்பதை அந்த மனிதர் முழுக்க மறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி வாலஸிடம் எனக்குள்ள வழக்கு. அவருடைய காட்சியில் இருப்பது இரண்டே பேர்: சமையல்காரர், சிங்கி இறால். நடுவில் ஒரு பாத்திரம். அந்த இறால் பாத்திரத்துக்கு எப்படி வந்தது? மெய்ன் மீனவர்கள் கட்டுரையில் கிட்டத்தட்ட இல்லை. அதே 2004-இல் வெளியான ட்ரெவர் கார்சனின் 'த சீக்ரெட் லைஃப் ஆஃப் லாப்ஸ்டர்ஸ்' படித்தால் அந்த ஓட்டை தெரியும். மெய்னில் மீனவர் கையில் அளவுகோல் இருக்கும். முதுகு ஓடு மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தாலும் ஐந்து அங்குலத்தைத் தாண்டினாலும் கடலில் திருப்பி விட்டுவிட வேண்டும். முட்டை சுமக்கும் பெண் கிடைத்தால் வால் துடுப்பில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு விடுவார்கள். அடுத்த முறை முட்டை இல்லாமல் வந்தாலும், அந்த வெட்டைப் பார்த்த இன்னொரு மீனவர் அதை விட்டுவிடுவார். ஒரு உயிரைப் பிழைப்புக்காகப் பிடிக்கிறவர்கள், அதில் ஒன்றை அடையாளம் போட்டுத் தலைமுறைக்காக விட்டுவைக்கிறார்கள். இதை இரக்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த உயிரோடு மனிதருக்குள்ள உறவு சமையலறையில் தொடங்குவதில்லை. திருவிழாக் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் வாலஸ், படகுத்துறைக்கு ஒரு காலை நேரம் போயிருந்தால் கட்டுரை இன்னும் கடினமானதாக ஆகியிருக்கும்.

இதைவிடக் கனமான ஒன்று. 2004 பிப்ரவரி 5 இரவு, வடமேற்கு இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்களை ஏறி வந்த அலை சூழ்ந்துகொண்டது. குறைந்தது 21 பேர் இறந்தார்கள். முறையான அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டவர்கள். அந்த மணல்வெளியில் கடல் எவ்வளவு வேகமாக ஏறும் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதே ஆண்டு பிரிட்டன் கூலி ஆள் தரகர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்தது. வாலஸின் கட்டுரை அச்சாவதற்கு ஆறு மாதம் முன்னால் நடந்தது இது.

மனிதன் செத்துக்கொண்டிருக்கும்போது நண்டைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிக் கேட்பது சுலபம், அப்படிக் கேட்டே எந்தக் கேள்வியையும் மூடிவிடலாம். வாலஸின் கேள்வியை அவருடைய முறையிலேயே இன்னும் ஒரு அடுக்கு இறக்கினால் எங்கே போகும் என்றுதான் பார்க்கிறேன். நம்முடைய ருசிக்காக ஒரு உணர்வுள்ள உயிர் படும் பாட்டை, அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதால் நாம் மறந்துவிடுகிறோம் என்பதுதான் அவர் வாதம். அது மட்டி பொறுக்கியவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். மூடியின் சத்தம் பக்கத்து அறை வரைக்குமாவது கேட்கும். மோர்கம் விரிகுடாவின் சத்தம் சாப்பாட்டு மேஜைக்குக் கேட்பதற்கு வழியே இல்லை.

சரி, தமிழில் இதைப் படிக்கிறவனுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. கொல்லாமை நமக்குப் புதுக் கேள்வி இல்லை. குறளில் புலால் மறுத்தலுக்கு ஒரு அதிகாரமே உண்டு. ஆனால் நம் ஊரில் 'இதைப் போய் எப்படிச் சாப்பிடுறீங்க?' என்ற கேள்வி பெரும்பாலும் இரக்கத்தில் இருந்து வருவதில்லை. அது மேலே இருந்து கீழே வரும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில், பான்ட்ரி மைக்ரோவேவில் நண்டுக் குழம்பைச் சூடு பண்ணினேன் என்பதற்காகக் குழுவுக்கே ஒரு மின்னஞ்சல் வந்தது. பெயர் போடாமல், 'கடல் உணவு வாசனை மற்றவர்களைப் பாதிக்கலாம்' என்று மரியாதையாக. அதில் நண்டின் வலி எங்கேயும் இல்லை. என் டப்பாதான் இருந்தது. அன்றிலிருந்து ரொம்ப நாள், உயிர்க் கொலையைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் எனக்குள் ஒரு கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

வாலஸ் அந்தக் கதவைத் திறந்ததற்குக் காரணம், அவர் வெளியில் இருந்து பேசவில்லை என்பதுதான். தானும் சாப்பிடுகிறவன், தொடர்ந்து சாப்பிட விரும்புகிறவன், அதற்குத் தன்னிடம் நல்ல நியாயம் இல்லாதவன் என்று ஒப்புக்கொண்டு அதே பந்தியில் உட்கார்ந்து கேட்கிறார். அருவருப்பு கேட்பவரை உயர்த்திவிடும். இவருடைய கேள்வி கேட்பவரையும் சேர்த்தே சங்கடப்படுத்துகிறது. தமிழில் சைவ அசைவப் பேச்சு எடுக்கிறவர்களுக்கு, எந்தப் பக்கம் இருந்தாலும், இந்தக் கட்டுரையைப் பரிந்துரைப்பேன்.

கடைசிப் பக்கங்களில் அவர் பின்வாங்குகிறார் என்பது என் இன்னொரு குறை. ருசியைக் கொண்டாடும் பத்திரிகையின் வாசகர்களைப் பார்த்து, நீங்கள் இதை யோசித்ததுண்டா, யோசிக்க மறுக்கிறீர்கள் என்றால் ஏன் என்று கேட்டுவிட்டு, இதற்கு மேல் கேட்பது நாகரிகமில்லை என்பதுபோல் நிறுத்திக்கொள்கிறார். முடிவு சொல்லாததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் யோசிப்பதோடு கடமை முடிந்தது என்ற ஆறுதலை வாசகருக்குக் கொடுத்துவிடுகிறார். நான் அதைத்தான் எடுத்துக்கொண்டேன். ஃப்ரீசரில் வைத்தது நண்டுக்காகவா எனக்காகவா என்று அம்மா கேட்கும்வரை எனக்கே தெரியவில்லை.

அம்மா அன்றைக்கு டைமர் அடிக்கும்வரை காத்திருக்கவில்லை. ஃப்ரீசரைத் திறந்து நண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக மல்லாத்திக் கத்தியால் ஒரே குத்து, அப்புறம் ஓட்டைப் பிரித்தார். ஒரு நண்டுக்குச் சில விநாடி. முகத்தில் சந்தோஷமோ வருத்தமோ ஒன்றும் இல்லை, கவனம் இருந்தது. "பாத்துக்கிட்டே செய்யணும். அப்பத்தான் கை தப்பாது" என்றார்.

பொங்கலுக்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே இரண்டு நண்டு வாங்கி வந்தேன். அம்மாவை வீடியோ காலில் வைத்துக்கொண்டு செய்தேன். முதல் நண்டுக்குக் கை தப்பிவிட்டது, இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. கால்கள் அசைந்ததைப் பார்த்தேன். மகள் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஹாலுக்குப் போகச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. "வலிச்சுதா அதுக்கு?" என்று கேட்டாள். "வலிச்சிருக்கும்னுதான் நினைக்கிறேன்" என்றேன்.

குழம்பு வைத்தோம். அவள் வேண்டாம் என்று ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். நான் சாப்பிட்டேன்.